518 எண்கள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் அத்திப்பள்ளியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஜூஜுவாடி தாண்டியதும் தமிழ்நாடு முடிந்துவிடும், பத்து நிமிடத்தில் சுங்கச்சாவடி, அப்புறம் எல்லாம் அவரவர் தலையெழுத்து. நான் ஒன்றரை வருஷம் அந்தப் பாதையில் போய்வந்தேன். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டன்ட் வேலை. வாடகை கட்டுப்படியாகும் என்று தங்கியது ஓசூரில்.

பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு விளம்பரப் பலகைகளுக்கு நடுவில் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு மட்டும் தெரியும். மூன்று லாரி நீளம் இருக்கும், அவ்வளவுதான். சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். சில விநாடிகளுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்ப்பது, அந்தத் துண்டில் எத்தனை வண்டி இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது. 2, 3, 0, 1, 4, 4, 3... வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கக் கூடாது. எண்ணிக்கை மட்டும்.

“என்ன தம்பி, டெய்லி ரோட்டையே எண்ணிட்டு இருக்கே? வண்டி எதாச்சும் தொலைஞ்சு போச்சா?” என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“இல்லண்ணா, சும்மா” என்றேன். சும்மா இல்லை. அந்த வேலையில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த கருவி செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அதன் பெயர் ஃபுளோரசன்ஸ் கோரிலேஷன் ஸ்பெக்ட்ராஸ்கோபி. பெயரில் ஸ்பெக்ட்ராஸ்கோபி இருந்தாலும் நிறமாலை என்று எதுவும் அதில் கிடையாது. தமிழில் ஒரு பெயர் வைக்கலாம் என்று முயன்று பார்த்தேன், எனக்கே புரியவில்லை. அதனால் எல்லோரும் சொல்வதுபோல எஃப்.சி.எஸ். என்றே எழுதுகிறேன். புரதம், டி.என்.ஏ. போன்ற பெருமூலக்கூறுகளில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டி, லேசர் குவியும் மிகச் சிறிய புள்ளி ஒன்றுக்குள் அவை வந்துபோவதைக் கவனிக்கும் முறை. அதைக் கற்கும்போது எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம் கருவி அல்ல. கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதன் கணக்கு முழுவதும் எழுதப்பட்டிருந்தது என்பதும், அதை ஒழுங்காகத் தொகுத்து வைத்தவர் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த ஒரு வானியற்பியலாளர் என்பதும்தான்.

முதலில் டீக்கடைக் கணக்கை முடித்துவிடுகிறேன், மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வண்டிகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தன்னிச்சையாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டில் சராசரியாக 4 வண்டி இருந்தால், எண்ணிக்கை 4-க்கு மேலும் கீழும் சுமார் 2 ஆடும். 100 வண்டி கொள்ளும் நீளமான துண்டாக இருந்தால் 10 ஆடும். 4-க்கு 2 என்றால் பாதி. 100-க்கு 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. அதாவது ஆட்டம் சராசரியில் எத்தனை பங்கு என்று தெரிந்தால் போதும், உள்ளே எத்தனை இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். இதில் என்ன பெரிய விஷயம், நேராகவே எண்ணலாமே என்று தோன்றும். வண்டியை எண்ணலாம். மூலக்கூறை எண்ண முடியாது. அங்கிருந்து வருவது வெறும் வெளிச்சம். ஒரு மூலக்கூறு எவ்வளவு வெளிச்சம் தரும், அதில் எவ்வளவு லென்ஸ் வழியாக வந்து சேரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆனால் ஆட்டத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தில் அந்தத் தெரியாத எண் அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை மட்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிட அழகு. சாலை காலியாக இருக்கும்போது, இப்போது பார்த்த வண்டி அடுத்த முறை நிமிரும்போது இருக்காது. அடுத்தடுத்த எண்களுக்குள் சம்பந்தமே இருக்காது. சுங்கச்சாவடியில் வரிசை நின்றுவிட்ட காலை எட்டரை மணிக்கோ அதே லாரி நாலைந்து முறை எண்ணப்படும். 6, 6, 7, 6, 6 என்று எண்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அந்தப் பிடி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்தால் வண்டி அந்தத் துண்டைக் கடக்க எடுக்கும் நேரம் வந்துவிடும். ஒரு வண்டியைக்கூடத் தொடர்ந்து பார்க்காமலே வேகம் கிடைக்கிறது.

இந்த விளையாட்டை நான் கண்டுபிடித்ததாகக் கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். அப்புறம் பார்த்தால், 1918-லேயே ரைன்ஹோல்ட் ஃபூர்த் என்ற இயற்பியலாளர் ஒரு தெருத்துண்டில் நடந்துபோகிற ஆட்களை இப்படி எண்ணி, அவர்கள் நடக்கும் வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறார். அவர் சோதித்துப் பார்த்தது மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கியின் கோட்பாட்டை.

ஸ்மோலுகோவ்ஸ்கி போலந்துக்காரர். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஓயாமல் துள்ளும் பிரௌனியன் இயக்கத்துக்கு ஐன்ஸ்டைன் 1905-ல் விளக்கம் தந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தனி வழியில் அதே இடத்துக்கு 1906-ல் வந்து சேர்ந்தவர் இவர். ஆனால் அவரை உண்மையில் பிடித்து ஆட்டியது வேறொரு கேள்வி. ஒரு துகளின் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு சிறு இடத்தில் எத்தனை துகள் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் என்ன தெரியும்?

அந்தக் கேள்விக்கு ஸ்வீடனில் ஒருவர் தரவு வைத்திருந்தார். உப்சாலாவில் தியோடர் ஸ்வெட்பெரி. ஜெனாவின் ஸைஸ் நிறுவனத்தில் ஸீடென்டாஃப், ஸிக்மோண்டியோடு சேர்ந்து உருவாக்கிய அல்ட்ரா மைக்ராஸ்கோப் அப்போது வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால், நேராகப் பார்த்தால் தெரியாத அளவு சின்னத் தங்கத் துகள்கள்கூட இருட்டில் புள்ளிகளாக மின்னும். ஸ்வெட்பெரி ஒரு குறிப்பிட்ட சிறு இடத்தை மட்டும் ஒளியால் பிரித்து எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 39 முறை என்ற தாளத்தில், உள்ளே எத்தனை புள்ளி என்று எண்ணினார். மொத்தம் 518 எண்ணிக்கைகள். 112 முறை ஒன்றுமே இல்லை. 168 முறை ஒன்று. 130 முறை இரண்டு. 69 முறை மூன்று, 32 முறை நான்கு, 5 முறை ஐந்து. ஆறு ஒருமுறை, ஏழு ஒருமுறை. சராசரி 1.55.

இந்த 1.55-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பாய்சான் சூத்திரத்தில் போட்டால் பூஜ்யம் 110 முறை, ஒன்று 171 முறை, இரண்டு 132 முறை, மூன்று 68 முறை என்று வருகிறது. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் குனிந்து லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டே ஒன்றரை விநாடிக்கு ஒரு எண் எழுதியிருக்கிறார், மொத்தம் பதின்மூன்று நிமிடத் தரவு, நூறு வருஷம் கழித்தும் கணக்கு பிசகவில்லை.

ஸ்மோலுகோவ்ஸ்கி இதில் கண்டது என்ன என்றால், எண்கள் எத்தனை முறை வருகின்றன என்பது பாதிக் கதைதான். எந்த வரிசையில் வருகின்றன என்பதில் மீதிக் கதை இருக்கிறது. ஒரு எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள். அதைச் சராசரி எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுங்கள். கிடைப்பது, உள்ளே இருக்கும் ஒரு துகள் அந்த இடைவெளிக்குள் வெளியே போய்விடுவதற்கான நிகழ்தகவு. அதிலிருந்து துகள் எவ்வளவு வேகமாக விரவுகிறது என்று போய்ச் சேரலாம். ஒரு நேரத்தின் எண்ணிக்கை அடுத்த நேரத்தின் மேல் விட்டுச்செல்லும் இந்தத் தடத்துக்கு அவர் வைத்த ஜெர்மன் பெயரைத் தமிழில் ‘நிகழ்தகவின் பின்விளைவு’ என்று சொல்லலாம். 1916-ல் கோட்டிங்கனில் ஆற்றிய உரைகளில் இதையெல்லாம் விரித்துச் சொன்னார். அடுத்த ஆண்டே வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். வயது 45.

இதற்குப் பிறகு ஆர்னே வெஸ்ட்கிரென் இன்னும் துல்லியமான சோதனைகள் செய்து கோட்பாடு சரி என்று காட்டினார். அதோடு விஷயம் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. அணு இருக்கிறதா இல்லையா என்ற சண்டை முடிந்துவிட்டது, பெரன், ஸ்வெட்பெரி இரண்டு பேருக்கும் 1926-ல் நோபல் கிடைத்தது, இயற்பியல் குவாண்டம் பக்கம் ஓடிவிட்டது. சிறு இடத்தில் துகளை எண்ணுவதில் யாருக்கு இனி ஆர்வம்?

நட்சத்திரங்களை யோசித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இருந்தது.

சுப்ரமணியன் சந்திரசேகரை நமக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் குள்ளன், 1.4 சூரிய நிறை, எடிங்டன் செய்த அவமதிப்பு, 1983 நோபல் என்ற வரிசையில்தான். 1930-ல் பிரசிடென்சி முடித்து கப்பலேறியவர், 1937 முதல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். 1940-களின் தொடக்கத்தில் அவரைப் பிடித்திருந்த கேள்வி வேறு. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள மற்ற நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, அதனால் அதன் மேல் விழும் ஈர்ப்பு விசை ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டம் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஜான் வான் நாய்மனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்று முழுக்க முழுக்க இந்த ஏற்ற இறக்கத்தின் வேகத்தைப் பற்றியதுதான். தங்கத் துகள் இருந்த இடத்தில் நட்சத்திரத்தை வையுங்கள், கேள்வி அதேதான்.

1943-ல் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் 89 பக்கத்துக்கு அவர் ஒரு கட்டுரை எழுதினார். இயற்பியலிலும் வானியலிலும் வரும் தற்செயல் சிக்கல்கள் பற்றியது. நட்சத்திரங்கள் கடைசி அத்தியாயத்தில்தான் வருகின்றன. அதற்கு முன் குடிகாரன் நடையில் ஆரம்பித்து, பிரௌனியன் இயக்கம், அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்மோலுகோவ்ஸ்கி. ஸ்வெட்பெரியின் அந்த 518 எண்களும் அங்கே வருகின்றன, வெஸ்ட்கிரெனும் வருகிறார். கால் நூற்றாண்டாக ஜெர்மன் இதழ்களில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்பாடு, நட்சத்திரம் பார்க்கிற ஒருவர் கையால் தூசு தட்டப்பட்டு, எந்தத் துறைக்காரரும் படிக்கும்படி ஆங்கிலத்தில் வந்து உட்கார்ந்தது. 1954-ல் நெல்சன் வாக்ஸ் தொகுத்த இரைச்சல் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பில் டோவர் நிறுவனம் இதை மறுபடி அச்சிட்டது. அவென்யூ ரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது அந்தப் பதிப்புதான். முதல் சில பக்கங்களில் யாரோ பென்சிலால் நிறைய சந்தேகம் எழுதியிருந்தார். நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு பென்சில் இல்லை.

அந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த பகுதி, ஒரு எண்ணிக்கை திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும் என்பது. ஸ்வெட்பெரியின் சோதனையில் ஏழு துகள் ஒருமுறை வந்தது. மறுபடி ஏழு வர சராசரியாக 1105 எண்ணிக்கை ஆகும், கிட்டத்தட்ட 28 நிமிடம். பொறுமையாக உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். அதே இடத்தில் 17 துகள் சேர எவ்வளவு காலம் என்று நானே போட்டுப் பார்த்தேன்: சுமார் 50,000 ஆண்டு. துகள்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஏழு ‘நடக்கும்’, பதினேழு ‘நடக்கவே நடக்காது’ என்று நாம் சொல்வதற்குக் காரணம் நம் ஆயுள் மட்டும்தான். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

இனி உயிரியல் பக்கம். 1953-ல் ராத்ஸ்சைல்ட் பிரபு இதே பின்விளைவுக் கணக்கை வைத்து மைக்ராஸ்கோப்பில் விந்தணுக்களின் வேகத்தை அளந்தார். ஆனால் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் கண்ணால் எண்ண முடியாதே. அவற்றின் வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பார்க்க அப்போது இருந்த சிறந்த வழி மான்ஃப்ரெட் எய்கனுடையது. கரைசலைத் திடீரென்று சூடாக்கிச் சமநிலையைக் குலைப்பது, அது பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைப் பார்ப்பது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி அவன் மறுபடி எப்போது தூங்குகிறான் என்று பார்ப்பதுபோல. அற்புதமான முறை, 1967-ல் நோபல் வாங்கியது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மாக்டி, எலியட் எல்சன், வாட் வெப் மூன்று பேரும் கேட்டது, எதற்குத் தட்ட வேண்டும் என்று. சமநிலையில் இருக்கும் கரைசலும் சும்மா இல்லையே, சின்னச் சின்னதாகத் தானாகவே குலைந்துகொண்டும் திரும்பிக்கொண்டும்தானே இருக்கிறது. அந்த இயல்பான ஆட்டத்தைப் பார்த்தால் போதாதா? அவர்கள் எடுத்துக்கொண்டது எதிடியம் புரோமைடு என்ற சாயம். டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டால் அதன் ஒளிர்வு இருபது மடங்கு போலக் கூடும். ஆகவே லேசர் புள்ளிக்குள் வெளிச்சம் இரண்டு காரணத்தால் ஆடும்: மூலக்கூறு உள்ளே வந்து வெளியே போவதால் ஒன்று, சாயம் டி.என்.ஏ.வில் ஒட்டிப் பிரிவதால் ஒன்று. இரண்டின் நேரத்தையும் பிரித்துக் காட்டினார்கள். 1972-ல் வெளியான அந்தக் கட்டுரையில்தான் எஃப்.சி.எஸ். பிறந்தது.

பிறந்த குழந்தை இருபது வருஷம் தவழ்ந்தது. காரணம் மேலே சொன்ன டீக்கடைக் கணக்கிலேயே இருக்கிறது. புள்ளிக்குள் 10,000 மூலக்கூறு இருந்தால் ஆட்டம் நூற்றில் ஒரு பங்குதான். லேசர் கொஞ்சம் தடுமாறினாலே அதைவிட அதிகமாக ஆடும். மூலக்கூறைக் குறைத்தால் வெளிச்சம் போதாது, சுற்றியுள்ள தண்ணீரின் சிதறல் அதை மூழ்கடித்துவிடும். வேண்டியது ஒன்றுதான், இடத்தையே சுருக்க வேண்டும். 1993-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ருடால்ஃப் ரிக்லரும் உலோ மெட்ஸ், ஜெர்கர் விடென்கிரென், பீட் காஸ்க் ஆகியோரும் அதைச் செய்தார்கள். நல்ல லென்ஸால் லேசரை முடிந்தவரை இறுக்கிக் குவித்தார்கள். குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியைத் தடுக்க ஒரு ஊசித்துளை. ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணும் குறைக்கடத்தி உணரி. இடம் ஒரு ஃபெம்டோலிட்டருக்கும் கீழே போனது. ஒரு லிட்டரை ஆயிரமாயிரம் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி நூறாகப் பிரித்தால் வருவது அது. ஒரு நானோமோலார் கரைசலில் ஒரு ஃபெம்டோலிட்டருக்குள் சராசரியாக 0.6 மூலக்கூறுதான் இருக்கும். ஸ்வெட்பெரியின் 1.55-க்கு மறுபடி வந்துவிட்டோம், தங்கத் துகளுக்குப் பதிலாக மூலக்கூறோடு. அடுத்த ஆண்டு ரிக்லரோடு சேர்ந்து, தனி மூலக்கூறுகளைப் பிரித்தறிவது பற்றி எழுதியவர் யார் தெரியுமா? தட்டி எழுப்பும் முறைக்கு நோபல் வாங்கிய அதே எய்கன். 1990-களின் நடுவில் இதைக் கடையில் வாங்கும் கருவியாக விற்க ஆரம்பித்தது அல்ட்ரா மைக்ராஸ்கோப் செய்த அதே ஜெனாவின் ஸைஸ்.

இந்தியாவில் இதற்கு முக்கியமான இடம் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். கார்னெலில் வெப்போடு வேலை செய்த சுதீப்த மைத்தி அங்கே வந்து, ஆல்சைமர் நோயில் திரளும் அமிலாய்டு பீட்டாவை ஆராய எஃப்.சி.எஸ்.ஸைப் பயன்படுத்தினார். 2003-ல் அந்தக் குழுவும் என். பெரியசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஒரே கரைசலில் பல அளவில் கலந்து கிடக்கும் திரள்களின் பரவலை எப்படிப் பிரித்தெடுப்பது என்பது பற்றியது. அதுவரை ‘ஒரு அளவு’ அல்லது ‘இரண்டு அளவு’ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வளைகோட்டைப் பொருத்துவதுதான் வழக்கம். முன்முடிவு இல்லாமல் தரவையே பேசவிட அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். முன்முடிவு என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதில் விழுந்திருக்கிறேன்.

என் வேலை ஒரு சின்னப் புரதத்தில் சாயம் ஒட்டி, அது தன்னோடு தானே ஜோடி சேர்கிறதா என்று பார்ப்பது. முதல் மூன்று வாரம் ஒட்டாத சாயத்திலேயே போனது. சாயம் மட்டும் தனியாக இருந்தால் புள்ளியை 40 மைக்ரோவிநாடியில் கடந்துவிடும், புரதத்துக்கு 150, 200 ஆகும். கழுவியது போதாமல் இரண்டும் கலந்திருந்தால் நடுவில் ஏதோ ஒரு எண் வரும், பார்க்க நன்றாகவே இருக்கும், முழுப் பொய். உப்பு நீக்கும் காலத்தில் இரண்டாவது முறை ஓட்டிய பிறகுதான் சரியானது.

நான்காவது வாரம் அந்த நாள் வந்தது. இருபது நிமிடத்தில் புள்ளிக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மறுபடி செய்தேன், மறுபடி பாதி. இரண்டு இரண்டாகச் சேர்ந்தால் எண்ணிக்கை பாதியாகத்தானே வேண்டும்! கடக்கும் நேரமும் கொஞ்சம் கூடியதுபோல இருந்தது. எடை இரண்டு மடங்கானால் நேரம் கால் பங்குதான் கூடும், அதனால் ‘கொஞ்சம்’ என்பதே எனக்குச் சாட்சியாகிவிட்டது. மெயில் அனுப்பியாயிற்று, ஸ்லைடு ரெடி. கூட்டத்துக்கு முதல் நாள் பக்கத்து மேஜையில் இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஒரு துகளுக்கு எத்தனை ஃபோட்டான்னு பாத்தியாடா?”

பார்க்கவில்லை. ஜோடி சேர்ந்திருந்தால் மொத்த வெளிச்சம் குறையக் கூடாது. எண்ணிக்கை பாதியாகும், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பிரகாசமாக இருக்கும். என் தரவில் துகளுக்கான பிரகாசம் மாறவே இல்லை, மொத்த வெளிச்சம்தான் பாதியாகியிருந்தது. புரதம் ஜோடி சேரவில்லை. கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நானோமோலார் அளவில் சுவரே எல்லாவற்றையும் தின்றுவிடும், அதற்குத்தான் கண்ணாடியில் முதலில் வேறொரு மலிவான புரதத்தைப் பூசி வைப்பார்கள். நான் பூசவில்லை. கடக்கும் நேரம் கூடியதாகத் தெரிந்ததும் பிழை வரம்புக்குள்ளேயே இருந்தது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் ரொம்ப வெட்கமாக இருந்தது. பிறகு என்னைவிடப் பெரியவர்களின் கதை ஒன்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். லேசர் புள்ளியின் அகலத்தை நேராக அளப்பது கடினம். அதனால் விரவும் வேகம் ஏற்கெனவே தெரிந்த ஒரு சாயத்தை ஓட்டி, அதை வைத்து அளவுகோலைச் சரிசெய்வோம். ரோடமின் 6ஜி என்பதுதான் வழக்கமான சாயம். அதன் மதிப்பு விநாடிக்கு 280 சதுர மைக்ரான் என்று 1970-களிலிருந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்தார்கள். 2008 வாக்கில் இரண்டு குவியங்களுக்கு இடையில் தெரிந்த தூரத்தை வைத்து, சாயத்தை நம்பாமல் அளந்தபோது 25 டிகிரியில் 414 வந்தது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! பழைய மதிப்பை நம்பி அளந்த விரவல் வேகங்கள் எல்லாம் அதே விகிதத்தில் குறைவு. ஒன்றோடொன்று ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள், தனி எண்ணை நம்பியவர்கள் மாட்டினார்கள்.

சிப்காட்டில் வேலை செய்யும் என் நண்பனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அவன் தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரையே குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பிவிடுவார்களாம். “உங்க ஆளுங்களுக்கு காலிபிரேஷன் ஸ்டிக்கர் கிடையாதாடா?” என்றான். ஏற்ற இறக்கத்திலிருந்து தகவல் எடுக்கிறோம் என்று சொன்னபோது அவன் முகம் இன்னும் மோசமானது. அவனுக்கு ஏற்ற இறக்கம் என்றால் ரிஜெக்‌ஷன்.

வேலை முடிந்து ஓசூரைக் காலி செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்வெட்பெரி மாதிரியே 518 எண்ணிக்கை எடுத்துவிடுவது என்று அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். நூறு தாண்டியதுமே தெரிந்துவிட்டது, பாய்சான் இங்கே செல்லாது. ஆட்டம் சராசரிக்கு ஏற்ற அளவைவிட எங்கேயோ இருந்தது. வண்டிகள் தங்கத் துகள் இல்லை. லாரிக்குப் பின்னால் கார்கள் கொத்தாக மாட்டிக்கொண்டு வரும், ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்கள் ஒரே வரிசையாக வரும். ஃபூர்த்தின் தெருவில் நடந்தவர்கள் தனித்தனியாக நடந்திருக்க வேண்டும்.

இருநூறுக்குக் கொஞ்சம் மேலே எண்ணியிருப்பேன். கர்நாடகா பதிவு எண் லாரி ஒன்று இரண்டு பலகைகளுக்கும் நடுவில் சரியாக வந்து நின்றது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆய்வகத்தில் இப்படித்தான், எப்போதாவது ஒரு பெரிய திரள் லேசர் புள்ளிக்குள் வந்து உட்கார்ந்துவிடும், வெளிச்சம் கூரையை முட்டும், அந்தப் பத்து விநாடித் தரவை வெட்டி எறிந்துவிட்டுத் தொடர்வோம். நானும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“அது இப்ப போவாது தம்பி” என்றார் கடைக்காரர். “டிரைவர் சாப்பிடப் போயிருக்கான்.”